கற்பனை நாட்டில் தூதரகம் வரைவது எப்படி: எண்ணிக்கை, அளவு, இடம், அனுமதி

பலர் சேர்ந்து ஆளுக்கொரு நாடாக ஒரே கற்பனை உலகத்தின் வரைபடத்தை வரையும் திட்டம் ஒன்றில் எனக்கும் ஒரு நாடு உண்டு. அந்தக் கற்பனை நாட்டின் தலைநகரில் ஒரு காலத்தில் 71 தூதரகங்கள் இருந்தன. நகரத்தின் மக்கள்தொகை வெறும் 4 லட்சம். ஒவ்வொரு தூதரகத்துக்கும் சுற்றிலும் மதில், நடுவில் வெள்ளை மாளிகை மாதிரி ஒன்று, முன்னால் வட்டப் புல்தரை, எல்லாம் ஒரே அளவு. பாராளுமன்றத்தைச் சுற்றி, கல்யாணப் பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையாக வைத்திருந்தேன். வரைந்து முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே மற்ற நாடுகளை வரைபவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள்: "என் நாட்டுக்கும் உங்கள் நாட்டுக்கும் உறவே கிடையாதே, தூதரகம் எப்படி வந்தது?", "எங்கள் நாடு மூன்று லட்சம் பேர் வாழும் தீவு, எங்களுக்கு எதற்கு நான்கு ஏக்கர்?" அதையெல்லாம் அழித்துத் திரும்ப வரைய எனக்கு நான்கு வார இறுதிகள் போயின. இப்படிப்பட்ட திட்டங்களில் வரைவதற்குப் புதிதாக ஒரு நாட்டை எடுத்திருக்கும் உங்களுக்கு அந்த நான்கு வார இறுதிகள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நிஜ உலகில் பெரும்பாலான தூதரகங்கள் தூதரகமாகக் கட்டப்பட்டவை அல்ல. யாரோ ஒரு பணக்காரர் கட்டிய பங்களா, ஒரு அலுவலகக் கட்டடத்தின் ஏழாவது மாடி, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு. நாடுகள் அங்கே குடியேறுகின்றன, அவ்வளவுதான். அதனால் உங்கள் வரைபடத்திலும் முதலில் ஊர், அப்புறம்தான் தூதரகம். நான் தலைகீழாகச் செய்தேன்.

1. பட்டியல் போடுங்கள், வரைபடத்தைத் திறக்காதீர்கள்

ஒரு விரிதாளைத் திறந்துகொள்ளுங்கள். ஐந்து நெடுவரிசை போதும்: நாட்டின் பெயர், உறவு எப்படி (நட்பு, சுமார், பகை, உறவே இல்லை), நமக்கும் அவர்களுக்கும் என்ன வேலை (வணிகம், எல்லை, குடியேறிய மக்கள், ராணுவம், மதம்), அவர்களின் தூதரகம் நம் ஊரில் இருக்குமா, நம் தூதரகம் அவர்கள் ஊரில் இருக்குமா. கடைசி இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரிய நாடு சின்ன நாட்டில் தூதரகம் வைத்திருக்கும், சின்ன நாட்டுக்குப் பதிலுக்கு ஒன்று வைக்கக் காசு இருக்காது. இது ரொம்ப சகஜம்.

மூன்றாவது நெடுவரிசைதான் முக்கியமானது. அதில் எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றால் அங்கே தூதரகம் வேண்டாம். உறவு இருப்பதும் தூதரகம் இருப்பதும் வேறு வேறு. பக்கத்து நாட்டில் இருக்கும் தூதரே இந்த நாட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பு ஏற்கலாம், தூதரக உறவுகள் பற்றி நாடுகள் செய்துகொண்ட 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஃபிஜியின் சுவாவில் இருக்கும் இந்தியத் தூதரகமே டோங்கா, துவாலு, நவூரு போன்ற தீவு நாடுகளையும் கவனித்துக்கொள்கிறது. லிச்சென்ஸ்டைனின் தலைநகர் வாடூஸில் வெளிநாட்டுத் தூதரகமே கிடையாது, பலரும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்தபடியே அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். பூட்டானின் திம்புவில் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவரோடுகூட பூட்டானுக்கு முறையான தூதரக உறவு இல்லை.

மறுபக்கம் வாஷிங்டனில் 170-க்கு மேல் இருக்கின்றன. உங்கள் நாடு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே என்று நேர்மையாக யோசியுங்கள். எல்லோருக்கும் தன் நாடு வல்லரசுதான், அது எனக்கும் தெரியும். நான் வைத்துக்கொண்ட கணக்கு இது, எந்தப் புத்தகத்திலும் கிடையாது: பத்து லட்சத்துக்குக் கீழே மக்கள் உள்ள அமைதியான நாடு என்றால் 5 முதல் 15 வரை, ஒன்றிரண்டு கோடி பேர் என்றால் 30 முதல் 60, வட்டாரத்தில் பெரியண்ணன் என்றால் நூறைத் தாண்டலாம். என் 71 கடைசியில் 19 ஆனது.

இதற்கு ஆகும் நேரம்: ஒரு மாலை.

2. இரண்டு பக்கமும் சம்மதம் வாங்குங்கள்

அதே வியன்னா ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு, தூதரக உறவும் நிரந்தரத் தூதரகமும் இரு நாடுகளின் சம்மதத்தோடுதான் அமையும் என்கிறது. கற்பனை உலகிலும் இதையே கடைப்பிடித்தால் சண்டை வராது. அந்த நாட்டை வரைபவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வெறுமனே "உங்கள் தூதரகம் வைக்கட்டுமா" என்று கேட்டால் "சரி" என்று ஒரு சொல் வரும், அதை வைத்து எதையும் வரைய முடியாது. இவற்றை ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள்:

- நாட்டின் முழு அதிகாரப்பூர்வப் பெயர், அவர்கள் மொழியில் ஒருமுறை, உங்கள் நாட்டு மொழியில் எப்படி வரலாம் என்று ஒருமுறை
- இரு எழுத்து அல்லது மூன்று எழுத்து நாட்டுக் குறியீடு, திட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால்
- உறவு எந்த ஆண்டிலிருந்து
- அவர்கள் நாட்டின் வசதி எப்படி, சொந்தக் கட்டடமா வாடகையா
- பதிலுக்கு அவர்கள் ஊரில் நமக்கு என்ன கிடைக்கும்

உறவு தொடங்கிய ஆண்டு எதற்கு என்று தோன்றும். தூதரகம் ஊரில் எங்கே உட்காரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது, 5-ஆவது படியில் வருகிறேன்.

பதில் வர இரண்டு வாரம் வரை காத்திருங்கள். சிலர் மாதக்கணக்கில் வரமாட்டார்கள், அவர்களுக்காக ஒரு மனையைக் காலியாக விட்டுவிட்டு நகருங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி எடுத்துக்கொண்டு, ஒருவருடைய நாட்டின் தூதரகத்தை அவர் பத்து வருடமாகப் போரிடும் எதிரி நாட்டின் தூதரகத்துக்குப் பக்கத்து மதிலில் வைத்துவிட்டேன். அதற்கு ரொம்ப நீளமாகப் பதில் வந்தது.

3. எந்த ஊரில் என்று பாருங்கள், தலைநகர் என்றே முடிவுகட்ட வேண்டாம்

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி இது. தூதரகம் அரசாங்கம் எங்கே வேலை செய்கிறதோ அங்கே போகும். சட்டப்புத்தகத்தில் தலைநகர் என்று எழுதியிருக்கும் ஊருக்குத்தான் போகும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாம், ஆனால் அரசும் தூதரகங்களும் ஹேக் நகரில். பொலிவியாவின் அரசியலமைப்புத் தலைநகர் சுக்ரே, தூதரகங்கள் லா பாஸில்.

நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். இலங்கையின் பாராளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் கூடுகிறது, தூதரகங்கள் கொழும்பை விட்டு நகரவில்லை. இந்தியாவுடையதும் அமெரிக்காவுடையதும் காலி வீதியில் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. மலேசிய அரசு புத்ராஜெயாவுக்குப் போய்விட்டது, தூதரகங்கள் கோலாலம்பூரில். மியான்மார் ராணுவம் 2005-இல் நேப்பிடாவுக்கு மாறியது, பெரும்பாலான நாடுகள் இன்னும் யாங்கூனில்தான். காரணம் சாதாரணமானது. கட்டடம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, யார் எழுந்து போவார்கள்?

ஆக உங்கள் நாட்டில் தலைநகரை மாற்றியதாகக் கதை வைத்திருந்தால் (புதிதாகத் திட்டமிட்ட தலைநகர் வைக்காதவர் நம்மில் யார்), இரண்டு வழிதான். அரசு நிலம் கொடுத்து வற்புறுத்தி எல்லோரையும் புது ஊருக்கு இழுத்தது என்றால் பழைய ஊரில் பெரிய பெரிய துணைத் தூதரகங்கள் மிஞ்சும். நைஜீரியா 1991-இல் அபுஜாவுக்கு மாறிய பிறகும் லாகோஸில் அமெரிக்கத் துணைத் தூதரகமும் பிரிட்டிஷ் துணை உயர் ஆணையமும் இருப்பது அப்படித்தான். அரசு வற்புறுத்தவில்லை என்றால் புது ஊரில் நாலைந்து மட்டும் வையுங்கள், மற்றது பழைய ஊரிலேயே இருக்கட்டும். பாதிப் பாதியாகப் பிரித்து வைப்பதுதான் பார்க்க நம்பும்படி இருக்காது.

ஒரே ஊரில் ஒரு நாட்டுக்கு இரண்டு மூன்று தூதரகங்களும் வரலாம். பிரஸ்ஸல்ஸில் அமெரிக்காவுக்கு மூன்று தூதர்கள்: பெல்ஜியத்துக்கு ஒருவர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒருவர், நேட்டோவுக்கு ஒருவர். வாடிகனில் இடமே இல்லாததால் அதற்கான தூதரகங்கள் ரோமில் இருக்கின்றன, இத்தாலி நாடே தன் சொந்தத் தலைநகரில் வாடிகனுக்கு என்று ஒரு தூதரகம் வைத்திருக்கிறது. உங்கள் உலகில் குட்டி நகர நாடு யாராவது வைத்திருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்கள்.

4. அளவு

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது.

தூதரகம் என்றதும் நம் மனதில் வருவது செய்தியில் பார்த்தவை. பாக்தாதில் அமெரிக்கா 2009-இல் திறந்தது 104 ஏக்கர், கிட்டத்தட்ட வாடிகன் நகரம் அளவு. டெல்லியில் 1959-இல் எட்வர்ட் ஸ்டோன் வடிவமைப்பில் திறந்த அமெரிக்கத் தூதரக வளாகம் 28 ஏக்கர். இவை விதிவிலக்கு. அதிலும் பாக்தாத் ஒரு போரின் விளைவு, அதை வைத்து அளவெடுப்பது யானையை வைத்து ஆட்டுக்கொட்டில் கட்டுவது போல. அதே அமெரிக்கா லண்டனில் 2018-இல் புதிதாகக் கட்டிக் குடிபோன இடம் சுமார் 5 ஏக்கர்தான், செலவு மட்டும் நூறு கோடி டாலர் பக்கம்.

மறுமுனையில் லண்டனிலேயே ஈக்வடார் தூதரகம். விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் 2012 முதல் 2019 வரை அடைந்து கிடந்த இடம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு. அதே கட்டடத்தில் கொலம்பியாவின் தூதரகமும் இருக்கிறது. வரைபடத்தில் இதற்கு வளாகம் கிடையாது, கட்டடத்தின் மேல் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

நான் இப்போது நான்கு அளவு வைத்திருக்கிறேன். நமக்குப் பழக்கமான கணக்கில் சொல்கிறேன், வரையும்போது சதுர மீட்டரில் மாற்றிக்கொள்ளுங்கள் (ஒரு கிரவுண்ட் சுமார் 223 சதுர மீட்டர், ஒரு ஏக்கர் சுமார் 4,047).

புள்ளி. அலுவலகக் கட்டடத்தில் ஒரு மாடி, அல்லது ஒரு அடுக்குமாடி வீடு. தூதர், இரண்டு மூன்று அதிகாரிகள், உள்ளூர் ஊழியர்கள் சிலர், ஒரு டிரைவர். உங்கள் பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது இப்படி இருக்கட்டும்.

பங்களா. 2 முதல் 6 கிரவுண்ட் மனையில் வசதியான வீடு, வாசலில் பெயர்ப்பலகை, ஒரு காவல் கூண்டு. டெல்லியில் வசந்த் விஹார் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு இப்படிக் கொடி பறக்கும். பாதித் தூதரகங்கள் இந்த ரகம். வரைவதும் சுலபம், ஏற்கெனவே வரைந்த வீட்டை எடுத்துக் குறிச்சொல்லை (அது என்ன கட்டடம் என்று வரைபட மென்பொருளுக்குச் சொல்லும் சொல்) மாற்றினால் போதும்.

வளாகம். 1 முதல் 5 ஏக்கர். பக்கத்து நாடுகள், முக்கிய வணிகக் கூட்டாளிகள், பழைய ஆட்சியாளர் நாடு. ஒரு தலைநகரில் 5 முதல் 10 போதும்.

கோட்டை. 10 ஏக்கருக்கு மேல். ஊருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ராணுவக் கூட்டணி, பெரிய உதவித் திட்டம், எல்லைத் தகராறு என்று ஏதாவது கதை இதற்குப் பின்னால் கட்டாயம் வேண்டும். கதை இல்லாவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

ஒரு நாட்டின் பெருமைக்கு ஏற்ப அளவு வைப்பதைவிட அங்கே நடக்கும் வேலைக்கு ஏற்ப வையுங்கள். உங்கள் நாட்டிலிருந்து ஒரு நாட்டுக்கு வேலைக்கு ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்றால் அந்த நாடு சின்னதாக இருந்தாலும் அதன் தூதரகத்தில் விசா பிரிவு பெரிதாக இருக்கும். பெரிய நாடாக இருந்து, உங்களோடு ஒரு வேலையும் இல்லை என்றால் பங்களா போதும்.

பணம் போதாத நாடுகள், அல்லது உறவுக்காரர் மாதிரி நெருங்கிய நாடுகள், சேர்ந்தும் இருக்கலாம். பெர்லினில் டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஐந்தும் 1999 முதல் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆளுக்கொரு கட்டடம், ஆறாவதாக ஒரு பொதுக் கட்டடம், எல்லாவற்றையும் வளைத்து ஒரு செப்புச் சுவர். உங்கள் வட்டாரத்தில் கூட்டமைப்பு ஏதாவது இருந்தால் இதைவிட அழகான சாக்கு கிடைக்காது.

இனி ஒரு தொழில்நுட்பக் குழி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய நிஜ உலக இணைய வரைபடம்) மென்பொருளில் ஓடும் திட்டங்களில் வரைபடம், உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் மெர்க்கேட்டர் முறையில் தெரிகிறது. பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப் போக எல்லாம் பெரிதாகத் தெரியும், 60-ஆவது அட்சரேகையில் நீளம் இரு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. திரையில் கண் அளவில் பார்த்து "இது டெல்லி வளாகம் மாதிரியே இருக்கிறது" என்று வரைந்தால் வடக்கு நாட்டில் அது உண்மையில் குட்டியாகிவிடும். என் தலைநகர் 57-ஆவது பாகையில் இருக்கிறது. நான் வரைந்த ஒரு தூதரின் வீட்டுக்கு அகலம் 4 மீட்டர் என்று ஒருவர் அளந்து காட்டினார். எப்போதும் எடிட்டரின் அளவுக்கருவியில் மீட்டரைப் பார்த்து வரையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கால்பந்து மைதானம் (105-க்கு 68 மீட்டர்) பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டு கடைசியில் அழித்துவிடலாம். நிஜ ஊரின் தரவை அப்படியே நகலெடுத்து ஒட்டுவதற்கு முன் உங்கள் திட்டத்தின் விதியைப் படியுங்கள், பல இடங்களில் அது கூடாது.

5. ஊருக்குள் இடம்

உறவு தொடங்கிய ஆண்டைக் கேட்டு வைத்தீர்களே, அது இங்கே உதவும். முதலில் வந்தவர்களுக்கு ஊரின் மையத்தில் நல்ல வீடு கிடைத்திருக்கும். பிறகு வந்தவர்கள் அடுத்த வளையத்தில். நேற்று வந்தவர்கள் விமான நிலையச் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில். ஆக ஊரின் எந்தப் பகுதி எப்போது வளர்ந்தது என்று ஒரு குறிப்பு இருந்தால் தூதரகங்கள் தானாகவே இடம் பிடித்துக்கொள்ளும்.

பொதுவாக மூன்று விதம்.

ஒன்று, பழைய பணக்காரத் தெரு. வாஷிங்டனின் மாசசூசெட்ஸ் அவென்யூ இதற்கு நல்ல உதாரணம். பெரும் பணக்காரர்கள் கட்டிய மாளிகைகள், 1930-களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு கட்டிக் காப்பாற்ற முடியாமல் கைமாறி ஒவ்வொன்றாகத் தூதரகமாயின. இந்தோனேசியத் தூதரகம் ஒரு தங்கச் சுரங்க முதலாளியின் மாளிகை. உங்கள் ஊரில் பழைய பிரபுக்கள் தெரு இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இரண்டு, அரசு ஒதுக்கிய பகுதி. டெல்லியின் சாணக்கியபுரி, இஸ்லாமாபாத்தின் தூதரக வளாகம், கான்பெராவின் யாரலும்லா. அகலமான சாலைகள், பெரிய மனைகள், நிறைய மரங்கள். இங்கேதான் நாடுகள் தங்கள் கட்டடக்கலையைக் காட்டும், டெல்லியில் பாகிஸ்தான் உயர் ஆணையத்தின் நீலக் குவிமாடங்கள் தூரத்திலிருந்தே தெரியும். இதைப் புதுத் தலைநகருக்கு மட்டும் வையுங்கள். ஐநூறு வருடப் பழைய ஊரின் நடுவில் 300 ஏக்கர் காலி நிலம் எங்கிருந்து வரும்? பகுதி முழுவதையும் தூதரகங்களாலேயே நிரப்பவும் வேண்டாம். சாணக்கியபுரியில் பள்ளிக்கூடம் இருக்கிறது, பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன, நம் தமிழ்நாடு இல்லம் உட்பட மாநில அரசுகளின் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. ஒன்றிரண்டு மனையைக் காலியாகப் புதர் மண்ட விடுங்கள். நிலம் வாங்கிவிட்டுக் கட்டாத நாடு எல்லா ஊரிலும் உண்டு.

மூன்று, அலுவலகக் கோபுரம். புள்ளி அளவுத் தூதரகங்கள் எல்லாம் இங்கே. ஒரே கோபுரத்தில் நான்கைந்து இருக்கலாம்.

நான் செய்த மாதிரி பாராளுமன்றத்தைச் சுற்றி வரிசை கட்டாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்திலிருந்து காரில் 10 முதல் 20 நிமிடம் என்று வைத்தால் சரியாக வரும். தூதர் குடும்பங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் இன்னும் சுலபம்: சர்வதேசப் பள்ளி, நல்ல ஆஸ்பத்திரி, கிளப், இறக்குமதிச் சரக்கு விற்கும் கடை. இவற்றையும் அதே பக்கத்தில் வரைந்துவிடுங்கள்.

6. வளாகத்துக்குள் வரைதல்

புள்ளிக்கும் பங்களாவுக்கும் இந்தப் படி தேவையில்லை. வளாகமும் கோட்டையும் வரைகிறீர்கள் என்றால் மட்டும் படியுங்கள்.

அலுவலகம் வேறு, தூதர் வீடு வேறு. பல நாடுகள் வீட்டை வேறு தெருவில், இன்னும் அமைதியான பகுதியில் வைத்திருக்கும். இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள்.

வாசல்கள் குறைந்தது மூன்று: தூதர் கார் போக ஒன்று, சரக்கு வண்டிக்கு ஒன்று, விசா எடுக்க வரும் மக்களுக்கு ஒன்று. மூன்றாவது வேறு தெருவைப் பார்த்து இருப்பது நல்லது, அங்கே காலையில் வரிசை நிற்கும். சென்னையில் ஜெமினி மேம்பாலம் பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு வெளியே காலையில் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். அந்த வாசலுக்கு எதிரே ஒரு நகலகம், புகைப்படக் கடை, டீக்கடை. இவற்றை வரைந்தால் உங்கள் வரைபடத்துக்கு உயிர் வந்துவிடும், யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மதிலுக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி. அமெரிக்கா 1998-இல் நைரோபி, தார் எஸ் சலாம் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அடுத்த ஆண்டே சட்டம் போட்டு, புதுத் தூதரகங்களுக்கு 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. லண்டனில் ஊர் நடுவில் கிராஸ்வெனர் சதுக்கத்தில் இருந்ததை விட்டு நதிக்குத் தெற்கே போனதற்கு இதுவும் ஒரு காரணம், புது இடத்தில் ஒரு பக்கம் குளமே வெட்டிவிட்டார்கள். பயப்படும் நாடு இடைவெளி விடும், பயமில்லாத நாடு தெருவோரமாகவே கட்டும். உங்கள் உலகில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பழைய கட்டடத்தில் இருந்துகொண்டே பயப்படும் நாடு என்றால் தெருவை அடைத்துத் தடுப்புத் தூண்கள் வைக்கும், அதையும் வரையலாம்.

ஒரு வளாகம் முழுதாக வரைய எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பங்களா பத்து நிமிடம். புள்ளி ஒரு நிமிடம். இந்தக் கணக்கை முன்பே யாராவது சொல்லியிருந்தால் 71 வளாகம் வரைந்திருக்க மாட்டேன்.

7. பெயரும் குறிச்சொல்லும்

அலுவலக வகையில் 'டிப்ளமேட்டிக்' என்று கொடுத்து, அதன் கீழே தூதரகமா துணைத் தூதரகமா என்று தனிக் குறிச்சொல் இடுங்கள். அனுப்பும் நாடு எது, ஏற்கும் நாடு எது என்று இரண்டு குறியீடுகளும் உண்டு, புதியவர்கள் இதை மாற்றிப் போடுவார்கள், கவனம். பொது வசதி வகையில் 'எம்பஸி' என்று இடுவது பழைய முறை, யாராவது பழைய கோப்பைக் கொடுத்தால் மாற்றிவிடுங்கள். வளாகம் என்றால் இந்தக் குறிச்சொற்களை வளாக எல்லையில் இடுங்கள், உள்ளே உள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் இட்டால் ஒரே பெயர் ஐந்து இடத்தில் தெரியும்.

வளாகத்தைச் சுற்றி நாட்டின் எல்லைக்கோடு போடாதீர்கள். தூதரகம் அந்நிய மண் என்பது சினிமாக் கதை. வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவின்படி தூதர் அனுமதி இல்லாமல் உள்ளூர்ப் போலீஸ் உள்ளே நுழையக் கூடாது, அவ்வளவுதான். நிலம் உள்ளூர் நாட்டுடையதே. ஒரு புதியவர் எல்லைக்கோடு போட்டுவிட்டு, அவருடைய நாட்டின் பரப்பளவுக் கணக்கு குழம்பிப்போய் எல்லோரும் ஒரு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

பெயரில் ஒரு நுணுக்கம்: காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் தூதரகம் என்று சொல்வதில்லை, உயர் ஆணையம் என்பார்கள் (இலங்கையில் உயர்ஸ்தானிகராலயம்). உங்கள் உலகில் பழைய பேரரசு ஒன்று இருந்தால் இதுபோல ஒரு தனிப்பெயர் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

8. மற்ற ஊர்களில் துணைத் தூதரகம்

தலைநகருக்கு வெளியே கிளை வைக்க உள்ளூர் அரசின் தனிச் சம்மதம் வேண்டும், எனவே 2-ஆவது படியை மறுபடி செய்யுங்கள். துறைமுகம், எல்லை, தங்கள் மக்கள் வாழும் இடம், இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் துணைத் தூதரகம். சென்னை நுங்கம்பாக்கத்தில் இலங்கையின் துணை உயர் ஆணையம், யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் எல்லாம் இப்படித்தான், ஏன் அங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வி வரும் இடத்தில் வைக்காதீர்கள். மிகச் சின்ன ஊருக்குக் கௌரவத் தூதர் போதும்: உள்ளூர் வியாபாரி ஒருவர், அவர் கம்பெனி வாசலில் ஒரு பித்தளைப் பலகை. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி.

9. உறவு முறிந்தால்

திட்டத்தில் நாடுகள் சண்டை போடும், சிலர் நாட்டையே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உடனே தூதரகத்தை அழிக்க வேண்டாம். அமெரிக்கா 1980 ஏப்ரலில் ஈரானோடு உறவை முறித்த பிறகு வாஷிங்டனில் ஈரானியத் தூதரகக் கட்டடம் பூட்டியபடியே நிற்கிறது, தெஹ்ரானில் அமெரிக்காவின் காரியங்களை சுவிட்சர்லாந்து கவனிக்கிறது. அதனால் கட்டடத்தை அப்படியே வைத்து, குறிச்சொல்லில் மட்டும் பயன்பாட்டில் இல்லை என்று மாற்றி, மூன்றாவது நாட்டின் தூதரகத்தில் 'நலன் காக்கும் பிரிவு' என்று ஒரு புள்ளி சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. அந்த நாட்டைப் புதிதாக யாராவது எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து உங்களுக்குச் செய்தி அனுப்பினால் சாவியைக் கொடுத்துவிடலாம். என் ஊரில் அப்படி இரண்டு வீடுகள் இப்போது பூட்டிக் கிடக்கின்றன, ஒன்றின் வாசலில் இன்னும் காவல் கூண்டை எடுக்கவில்லை.